ஆராய்ச்சிக்கூடத்துக்கு வரும் அயல்நாட்டு விருந்தினர்

சரக்கு ஒன்று துறைமுகத்தைத் தாண்டிக் கப்பலேறினால்தான் ஏற்றுமதி என்று நாம் எண்ணிக்கொண்டிருக்க, அமெரிக்கச் சட்டமோ, கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட ஒரு தொழில்நுட்ப விவரத்தை அந்த நாட்டு மண்ணிலேயே, ஒரு சர்வகலாசாலையின் நான்கு சுவர்களுக்குள்ளேயே, அயல்நாட்டுப் பிரஜை ஒருவருக்குச் சொல்லியோ காட்டியோ விட்டால், அக்கணமே அது அவருடைய நாட்டுக்கு ஏற்றுமதியாகிவிட்டதாகக் கொள்கிறது. ராணுவ தளவாடங்களைச் சேர்ந்த விவரங்களை ராஜாங்க இலாகாவும், சாதாரண உபயோகத்துக்கும் ராணுவ உபயோகத்துக்கும் பொதுவாய் அமைந்தவற்றை வர்த்தக இலாகாவும் கண்காணிக்கின்றன. கிரீன் கார்டு பெற்றவரும், அகதியாக அடைக்கலம் பெற்றவரும் இந்தச் சட்டத்தின் கண்ணில் அந்நியர் அல்லர். மாணவர் விசாவிலோ வேலை விசாவிலோ வந்தவர், எத்தனை ஆண்டுகள் அங்கே வாழ்ந்திருந்தாலும், அந்நியரே.

இச்சட்டம் ஏட்டளவில் நிற்பதன்று என்பதைப் பேராசிரியர்களுக்கு உணர்த்தியது, டென்னசி சர்வகலாசாலையில் பிளாஸ்மா இயற்பியலில் பெயர்பெற்றிருந்த ஜே. ரீஸ் ராத் என்பவரின் வழக்கு. விமானத்தின் மேற்பரப்பில் மின்வாய்களைப் பதித்து, அங்குள்ள காற்றையே பிளாஸ்மாவாக்கி, அதன் உந்துதலால் காற்றோட்டத்தைத் திருப்பி, ஆளில்லா விமானத்தைக் கட்டுப்படுத்த இயலுமா என்று ஆராய்வதற்கு அமெரிக்க விமானப்படை ஒரு கம்பெனிக்குப் பணம் அளிக்க, அந்த ஆராய்ச்சியில் ஒரு பகுதியை ராத் ஏற்றுக்கொண்டிருந்தார். அவரிடம் பணிபுரிந்த மாணவர்களில் ஒருவர் சீனர், மற்றொருவர் ஈரானியர். கட்டுப்பாட்டுக்குரிய விவரங்களை அவர்களுக்கு எட்டவிட்டதோடு, 2006-இல் சீனப் பயணம் மேற்கொண்டபோது அத்திட்டத்தின் ஆவணங்களையும் அவர் உடன் கொண்டு சென்றார். இது கூடாதென்று சர்வகலாசாலையின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு அதிகாரி முன்னமே எச்சரித்திருந்தார் என்பதே வழக்கில் அவருக்குப் பெரும் பாதகமாய் முடிந்தது. 2008-இல் ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. 2009-இல் நான்கு ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அத்தீர்ப்பையே உறுதி செய்தது. எழுபது வயதைக் கடந்த ஓர் ஆசிரியருக்கு இத்தண்டனை மிகக் கடுமையானது என்பதே என் அபிப்பிராயம். ஆயினும், தெரியாமல் செய்தார் என்று அவருக்காகப் பரிந்து பேச எனக்கு வழி தெரியவில்லை.

அப்படியானால் அமெரிக்க சர்வகலாசாலைகள் அயலாருக்குக் கதவடைத்து விட்டனவோ என்று கேட்டால், இல்லை. சோவியத் ரஷியாவிடம் தொழில்நுட்பம் போய்ச் சேர்ந்துவிடும் என்ற அச்சம் வாஷிங்டனைப் பிடித்திருந்த 1981-இல், ஸ்டான்ஃபோர்டு, கார்னெல், எம்.ஐ.டி. முதலிய ஐந்து கல்விநிலையங்களின் தலைவர்கள், வகுப்பறைக்கும் ஆராய்ச்சிக்கூடத்துக்கும் ஏற்றுமதிச் சட்டத்தை நீட்டுவது தகாது என்று சர்க்காருக்குக் கடிதம் எழுதினார்கள். அவ்விவாதத்தின் பயனாக 1985-இல் ரீகன் சர்க்கார் பிறப்பித்த கட்டளை, முடிவுகளைப் பிரசுரித்து உலகத்தோடு பகிர்ந்துகொள்வதற்கென்றே நடைபெறும் அடிப்படை ஆராய்ச்சியை இயன்ற அளவு தடையின்றி விட்டுவிட வேண்டும் என்று வகுத்தது. எனவே அங்கு நடைபெறும் ஆராய்ச்சியில் பெரும்பகுதி எந்த நாட்டு மாணவருக்கும் திறந்தே கிடக்கிறது. ஆனால் பணம் தருபவர், என் அனுமதியின்றி முடிவுகளை வெளியிடாதே என்றோ, அயல்நாட்டாரைச் சேர்க்காதே என்றோ ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிவிட்டால், அப்பாதுகாப்பு அந்த ஒரு வரியினாலேயே கழன்றுவிடுகிறது. பேராசிரியர்கள் பலர் ஒப்பந்தத்தின் தொகையைப் படிக்கும் சிரத்தையோடு இந்த வரியைப் படிப்பதில்லை.

விருந்தினர் வருகை என்பது, திறந்த ஆராய்ச்சி, கட்டுப்பாட்டுக்குரிய ஆராய்ச்சி என்ற இவ்விரண்டு உலகங்களும் ஒரே தாழ்வாரத்தில் எதிரெதிரே சந்திக்கும் வேளை. ஒரு வாரம் தங்கிச் சொற்பொழிவு ஆற்ற வரும் பேராசிரியர், கட்டுப்பாட்டுக்குரிய ஆய்வு நடைபெறும் அறையைக் கடந்துதான் கருத்தரங்க மண்டபத்துக்குப் போகவேண்டியிருக்கலாம். இயந்திரத்தை வெறுமனே கண்ணால் பார்ப்பது ஏற்றுமதி ஆகாது. அதன் அமைப்பு நுணுக்கம் வெளிப்படும்படி பார்க்க நேர்ந்தால் ஆகும். ஆகையால் விவரமறிந்த இடங்களில், விருந்தினர் வருமுன்பே அவருடைய பெயரையும் நிறுவனத்தையும் சர்க்காரின் தடைப்பட்டியல்களோடு ஒத்துப் பார்க்கிறார்கள். அவர் நடக்கவேண்டிய வழியைத் தீர்மானிக்கிறார்கள். கரும்பலகையில் எழுதியிருப்பதை அழித்து, கணினித் திரைகளை அணைத்து, மேஜைமேல் கிடக்கும் பாகங்களைத் துணியால் மூடுகிறார்கள். கூடவே செல்வதற்கு ஒருவரை அமர்த்துகிறார்கள். நம் வீட்டுக்கு வந்தவரைக் கூடத்தில் அமரவைத்து உபசரிக்கிறோமேயன்றி பீரோவைத் திறந்து காட்டுவதில்லை. அதனால் அவரும் மனம் நோவதில்லை. நோவு உண்டாவது, வந்தபின் வாசலில் நிறுத்தி, உமக்கு அனுமதியில்லை என்று திடீரெனச் சொல்லும்போதுதான். இந்தச் சங்கடத்துக்குப் பெரும்பாலும் காரணம் சட்டம் அன்று; முன்கூட்டியே ஒரு கடிதம் எழுதத் தவறிய அழைப்பாளரின் அசட்டையே.

நீண்டகாலம் தங்க வருபவர் விஷயத்தில் பொறுப்பு இன்னும் கனமானது. வேலை விசாவுக்கு விண்ணப்பிக்கும் நிறுவனம், வரவிருப்பவருக்குத் தரப்போகும் தொழில்நுட்பத்துக்கு சர்க்காரின் ஏற்றுமதி லைசென்ஸ் தேவையா இல்லையா என்று தானே ஆராய்ந்து விண்ணப்பத்தில் உறுதி கூறவேண்டும் என்ற ஏற்பாடு 2011 முதல் நடைமுறையில் இருக்கிறது. தேவையென்றால், லைசென்ஸ் கைக்கு வரும்வரை அந்த விவரங்கள் அவர் கண்ணில் படாதபடி, பூட்டு எது, சாவி யாரிடம், கணினிக் கோப்பு எங்கே என்பதுவரை எழுதிவைத்துக் காக்கவேண்டும்.

நம் கல்லூரிகளிலிருந்து அமெரிக்காவுக்கு ஆராய்ச்சிக்குச் செல்லும் மாணவர்களும் ஆசிரியர்களும், பிரஜா உரிமையைப் பற்றி அங்குள்ள சர்வகலாசாலையின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு அலுவலகம் கேட்கும் கேள்விகளை அவமதிப்பாகக் கொள்ளவேண்டாம். அதைவிட, அழைப்பு வந்தவுடனேயே, என்னைச் சேர்க்கும் திட்டத்தின் முடிவுகளை வெளியிடத் தடை ஏதும் உண்டா என்று பேராசிரியரை எழுத்துமூலம் கேட்டுவிடுங்கள். தடையுள்ள திட்டத்தில் தெரியாமல் நுழைந்தவருக்கு, ஆண்டுகள் பல உழைத்தபின் தம் ஆய்வேட்டையே வெளியிட முடியாத நிலை நேரலாம்.