இலைப் பச்சையமும் மாவுச்சத்தும்

நெல்மணியிலும் உருளைக்கிழங்கிலும் நிறைந்துள்ள மாவுச்சத்துக்கு மூலம், இலையில் உருவாகும் சர்க்கரையாகும். காற்றிலுள்ள கரியமில வாயுவும் வேர்கள் உறிஞ்சும் நீருமே இதன் மூலப்பொருள்கள். இவை சர்க்கரையாக மாறுவதற்கு வேண்டிய சக்தியைச் சூரிய ஒளியிலிருந்து பற்றித் தருவது பச்சையம் என்னும் நிறப்பொருள்.

இதனை எளிய சோதனையால் அறியலாம். பச்சையும் வெண்மையும் கலந்த இலைகளையுடைய தொட்டிச் செடியை இரண்டு நாள் இருட்டில் வைத்தால், இலைகளிலுள்ள மாவுச்சத்து தீர்ந்துவிடும். பின்னர்ச் செடியைச் சில மணி நேரம் வெயிலில் வைத்து, ஓர் இலையைப் பறித்துக் கொதிநீரில் இட்டெடுக்க வேண்டும். அதன் நிறம் நீங்கும்வரை வெந்நீரால் சூடேற்றிய ஆல்கஹாலில் வைத்திருத்தல் வேண்டும். ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும்; ஆதலால் அதனை அடுப்பில் வைத்தல் கூடாது. இலையைக் கழுவி அயோடின் கரைசலை விட்டால், முன்பு பச்சையாயிருந்த பகுதிகள் மட்டுமே கருநீலமாகும். அந்நிறமே மாவுச்சத்தின் அடையாளம். பசுங்கணிகங்களில் மாவுச்சத்து தோன்றுவதற்கு ஒளி தேவை என்பதை ஜெர்மானிய விஞ்ஞானி யூலியஸ் சாக்ஸ் 1860-களில் நிறுவினார்.

எனினும், பச்சையமே மாவுச்சத்தாக மாறுவதில்லை. அது பெரும்பாலும் சிவப்பு, நீலக் கதிர்களை ஏற்கிறது. அச்சக்தியால் நீர் பிளவுபட்டுப் பிராணவாயு வெளியேறுகிறது. கரியமில வாயு சர்க்கரையாகும் படிகளைக் கதிரியக்கக் கார்பனைக் கொண்டு கண்டறிந்த மெல்வின் கால்வின் 1961-ல் நோபல் பரிசு பெற்றார். பகலில் இலையில் சேரும் மாவுச்சத்து இரவில் மீண்டும் சர்க்கரையாகிக் கதிருக்கும் கிழங்குக்கும் செல்கிறது.

பச்சைய மூலக்கூறின் நடுவே ஒரு மக்னீசிய அணுவும், அதனைச் சூழ்ந்து நான்கு நைட்ரஜன் அணுக்களும் உள்ளன. ஆகவே தழைச்சத்து குறைந்த பயிர் வெளிறுகிறது, விளைச்சலும் குன்றுகிறது. ஆனால் மஞ்சள் நிறம் கண்டவுடன் யூரியா இடுதல் சரியன்று. தழைச்சத்துக் குறைவில் முதிர்ந்த இலைகள் முதலில் மஞ்சளாகும்; இரும்புச்சத்துக் குறைவிலோ இளம் இலைகளே முதலில் வெளிறும். தழைச்சத்து மிகுந்தாலும் நெற்பயிர் சாயும். நோயும் பூச்சியும் பெருகும். இதனாலேயே நெல் விவசாயிகள் இலையின் பசுமையை இலை வண்ண அட்டையுடன் ஒப்பிட்டு, தேவையறிந்து தழையுரம் இடுமாறு வேளாண்மைத் துறையினர் பரிந்துரைக்கின்றனர். இலையின் நிறத்தைச் சரியாக அறிந்துகொள்பவர் உரச் செலவைக் குறைப்பதுடன் விளைச்சலையும் காத்துக்கொள்வர்.