பழைய கம்ப்யூட்டர்களைக் கைவிடலாமா?

கம்ப்யூட்டர் என்று நாம் பொதுவாகச் சொல்லும் யந்திரங்கள் வெளித்தோற்றத்தில் ஒரே இனமாகத் தோன்றினாலும், அவற்றின் உள்ளே இருந்து வேலை செய்யும் பிராசஸர் எந்தெந்தக் கட்டளைகளைப் புரிந்துகொள்ளும், எண்களை நினைவகத்தில் எந்த வரிசையில் வைக்கும், எவ்வளவு நினைவகத்தை எட்டிப் பிடிக்கும் என்பன போன்ற அடிப்படை விஷயங்களில் அவை ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபட்டவை. இந்த அடிப்படை அமைப்பையே கட்டமைப்பு என்றும் ஆர்க்கிடெக்சர் என்றும் சொல்லுகிறார்கள். ஒரு கட்டமைப்புக்கென ஆக்கப்பட்ட மென்பொருள் இன்னொன்றில் நேரடியாக ஓடாது. ஆகையால் லினக்ஸ் போன்ற ஓர் இயங்குதளம் பலவகை யந்திரங்களில் ஓட வேண்டுமானால், ஒவ்வொரு வகைக்கும் சில பகுதிகளைத் தனியாக எழுதி, ஆண்டுதோறும் பழுது பார்த்து, புதிய பதிப்பு வரும்போதெல்லாம் சோதித்துப் பார்க்க யாராவது இருந்தாக வேண்டும். விற்பனை நின்று பல ஆண்டுகள் கழிந்துவிட்ட யந்திரங்களுக்காக இந்தச் சிரமத்தை இன்னும் ஏற்பது நியாயமா என்பது இத்துறையில் மிகுந்த மனத்தாங்கலோடு விவாதிக்கப்பட்டு வரும் கேள்வி.

1991-ல் ஹெல்சிங்கியில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை எழுதத் தொடங்கியது, இன்டெல் 386 பிராசஸர் பொருத்திய தம் சொந்தக் கம்ப்யூட்டரில்தான். வேறு வகை யந்திரங்களுக்கு அதைக் கொண்டுபோவது சாத்தியமில்லை என்பதே அப்போது அவருடைய அபிப்பிராயமாயிருந்தது. அப்படியிருந்தும் 1995-ல் வெளிவந்த பதிப்பு ஆல்ஃபா, மிப்ஸ், ஸ்பார்க் என்ற அந்நியக் கட்டமைப்புகளிலும் ஓடியது. 2013 பிப்ரவரியில் வெளிவந்த 3.8-ஆம் பதிப்போ, தான் பிறந்த 386-ஐயே கைவிட்டது. இதை நன்றிகெட்ட செயல் என்று நான் சொல்லமாட்டேன். நினைவகத்தின் ஓரிடத்தில் இருப்பதை ஒப்பிட்டுப் பார்த்து, இடையில் வேறெவரும் புகாதபடி அந்த நொடியிலேயே மாற்றி எழுதும் கட்டளை ஒன்று 1989-ல் வந்த 486-ல்தான் சேர்ந்தது. பல வேலைகள் ஒரே சமயத்தில் ஒரே தகவலைத் தொடும் இக்காலத்து மென்பொருளுக்கு அது உயிர்நாடி. அன்றியும், குறிப்பிட்ட பக்கத்தில் எழுதக் கூடாது என்று விதித்த தடையை, இயங்குதளத்தின் கருவாகிய கெர்னலே எழுதும்போது 386 பொருட்படுத்துவதில்லை. இந்தக் குறைகளை ஈடுசெய்யும் பரிகாரங்கள் கெர்னலின் பொதுப் பகுதிகளிலேயே ஆங்காங்கு பரவிக் கிடந்து, 386-ஐக் கண்ணால் கண்டிராதவர்களின் வேலையையும் சிக்கலாக்கின. வீட்டில் ஒருவருக்குப் பத்தியம் என்றால் அவருக்குத் தனியாகச் சமைக்கலாம். எல்லோருடைய குழம்பிலும் உப்பைக் குறைத்துக்கொண்டே எத்தனை வருஷம் இருக்க முடியும்?

பழமை என்பது மட்டுமே கைவிடுவதற்குக் காரணமாகாது என்பதற்கும் லினக்ஸிலேயே சாட்சி இருக்கிறது. 1979-ல் மோட்டோரோலா கம்பெனி அறிமுகப்படுத்திய 68000 என்ற பிராசஸர், 1984-ல் வந்த முதல் மாக்கின்டாஷுக்கும் அதன் பின் வந்த அமிகாவுக்கும் மூளையாக இருந்தது. அந்தக் குடும்பத்துக் கட்டமைப்பு இன்றளவும் கெர்னலில் இடம்பெற்றிருக்கிறது. இன்டெலும் ஹியூலெட் பேக்கார்டும் பெரும் பொருட்செலவில் உருவாக்கி 2001-ல் சந்தைக்குக் கொண்டுவந்த இட்டானியமோ, 2021-ல் கடைசிச் சரக்கு அனுப்பப்பட்ட பிறகு, 2024 ஜனவரியில் வந்த 6.7-ஆம் பதிப்பிலேயே நீக்கப்பட்டுவிட்டது. முன்னதற்குப் பின்னால் எந்தப் பெரிய ஸ்தாபனமும் இன்று இல்லை. ஆனால் பழுது கண்ட மறுநாளே திருத்தம் அனுப்பக்கூடிய சில பிரியமுள்ள மனிதர்கள் இருக்கிறார்கள். பின்னதற்கு இரண்டு மகா கம்பெனிகளின் பெயர் இருந்தும், பொறுப்பேற்றுக்கொள்ள வேண்டிய காலத்தில் போதிய ஆள் இல்லை. ஒரு கட்டமைப்பின் ஆயுளை அளக்க வேண்டுமானால் அது பிறந்த வருஷத்தைப் பாராமல், அதைப் பராமரிப்பவர் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும் என்பதே என் திடமான எண்ணம்.

அப்படிப் பராமரிப்பதால், அந்த யந்திரம் இல்லாத மற்றவர்களுக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்கலாம். பல பைட்கள் கொண்ட ஓர் எண்ணை நினைவகத்தில் வைக்கும்போது அதன் பெரிய பகுதியை முதலில் வைப்பது ஒரு சம்பிரதாயம். சிறிய பகுதியை முதலில் வைப்பது மற்றொன்று. நம் மேஜைமேலும் சட்டைப்பையிலும் இருப்பவை பெரும்பாலும் இரண்டாவது சம்பிரதாயத்தைச் சேர்ந்தவை. மோட்டோரோலாவும் ஸ்பார்க்கும் முதலாவதைச் சேர்ந்தவை. எழுதியவர் தம்மையறியாமல் ஒரே வரிசையை நம்பி எழுதிவிட்ட பிழை, ஒரே வகை யந்திரத்தில் ஆயிரம் தடவை ஓட்டினாலும் வெளிப்படாது. பழைய யந்திரத்தில் ஓட்டிய மாத்திரத்தில் விடை தாறுமாறாக வந்து பிழையைக் காட்டிக்கொடுக்கும். பெரும் வங்கிகளின் கணக்குகளைச் சுமக்கிற ஐபிஎம் மெயின்ஃப்ரேம், 1964-ல் அறிவிக்கப்பட்ட சிஸ்டம்/360-ன் நேர் சந்ததியாக, அன்று எழுதிய புரோகிராம்களையும் ஏற்று, அதே முதலாவது சம்பிரதாயத்தில்தான் இன்றும் எண்களை வைக்கிறது. ஆகவே யாரோ ஒரு தொண்டர் தம் பழைய அமிகாவில் கண்டுபிடித்துத் திருத்திய பிழை வங்கிக்கும் காப்பாகிறது.

ஆனால் இந்த நன்மைக்கு விலை உண்டு. பல கட்டமைப்புகளை ஆதரிப்பதால் மறைந்த பிழைகள் வெளிப்படுகின்றன என்பதைக் கொள்கையாகவே கொண்டது ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளம். எமுலேட்டரைக் கொண்டு வேறொரு யந்திரத்தில் பாவனை செய்து பார்ப்பது போதாது, மெய்யான யந்திரத்திலேயே மென்பொருளை ஆக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். கனடாவில் கால்கரி நகரில் அந்த யந்திரங்கள் இடைவிடாமல் ஓடியதற்கு வந்த சுமார் 20,000 டாலர் மின்கட்டணத்தைச் செலுத்த வகையின்றி, 2014 ஜனவரியில் அவர்கள் உலகத்தாரிடம் நன்கொடை கேட்கும்படியாயிற்று. உதவி வந்து சேர்ந்தது. இருந்தாலும், அவர்களுடைய மென்பொருளால் பயனடையும் பெரிய கம்பெனிகள் எத்தனையோ இருக்க, விளக்கெரிய வழியில்லாமல் நிற்கும் நிலைக்கு அவர்களை விட்டதை நினைத்தால் மனம் வருந்துகிறது.

சாமானியரைத் தொடும் இடத்துக்கு வருவோம். லினக்ஸ் கெர்னலின்மேல் கட்டப்பட்ட டெபியன் என்ற இயங்குதளத்தின் 13-ஆம் பதிப்பு 2025 ஆகஸ்டில் வெளியானது. அது, இன்டெல் வகையைச் சேர்ந்த 32-பிட் கம்ப்யூட்டர்களுக்குக் கெர்னலும் நிறுவும் வசதியும் தருவதை நிறுத்திவிட்டது; 64-பிட் யந்திரத்தில் பழைய 32-பிட் புரோகிராம்களை ஓட்டுவதற்கு வேண்டிய பகுதிகளை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறது. அந்த வகையில் 64-பிட் பிராசஸர் 2003-லேயே வந்துவிட்டபடியால், இதனால் கைவிடப்படுபவை பெரும்பாலும் வயதான யந்திரங்களே. அவற்றுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: காலத்தை 1970-லிருந்து விநாடிகளாக எண்ணி 32 பிட்டுக்குள் அடைத்துவைக்கும் பழைய முறை 2038 ஜனவரி 19 அன்று நிரம்பிவிடும். அதற்குள் கணக்கை விரிவுபடுத்த வேண்டும். விரிவுபடுத்தினால் பழைய புரோகிராம்கள் ஓடாமற்போகும். இந்தத் தர்மசங்கடத்தில் டெபியன் செய்த முடிவைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் தொழிற்சாலையிலோ ஆய்வுக்கூடத்திலோ விலையுயர்ந்த கருவியொன்று பழைய கம்ப்யூட்டரோடு பிணைந்து கிடக்குமானால், பத்தாயிரம் ரூபாய் கம்ப்யூட்டருக்காகப் பல லட்ச ரூபாய்க் கருவியைத் தூக்கியெறியச் சொல்வது எந்தச் சிக்கன சாஸ்திரத்திலும் அடங்காது. அங்கே பாதுகாப்புத் திருத்தங்களை மட்டுமாவது நீண்ட காலம் தந்துகொண்டிருக்க யாராவது முன்வர வேண்டும். கருவியை விற்று லாபம் கண்ட கம்பெனியே அதற்கு முதற் கடமைப்பட்டது.

இப்போது புதிதாக எழுந்திருக்கும் தகராறு ரஸ்ட் என்ற புரோகிராம் மொழியைப் பற்றியது. நினைவகத்தைத் தவறாகக் கையாள்வதால் விளையும் ஆபத்துகளை அம்மொழி பெரும்பாலும் முளையிலேயே தடுத்துவிடுகிறது. ஆகையால் முக்கியமான மென்பொருள்கள் ஒவ்வொன்றாக அதற்கு மாறி வருவது வரவேற்கத்தக்கது. ஆனால், எழுதிய புரோகிராமை யந்திரக் கட்டளைகளாக மாற்றித் தரும் அதன் கம்பைலர் எல்எல்விஎம் என்ற அடித்தளத்தின்மேல் நிற்பது. அது அறிந்த கட்டமைப்புகள் பழைய ஜிசிசி கம்பைலர் அறிந்தவற்றைவிடக் குறைவு. டெபியனில் மென்பொருள்களை நிறுவித் தரும் ஆப்ட் என்ற கருவிக்கு 2026 மே மாதத்திலோ அதன் பின்னரோ ரஸ்ட் இன்றியமையாததாகும் என்று 2025 அக்டோபர் இறுதியில் அறிவிப்பு வந்தது. ரஸ்ட் இல்லாத கட்டமைப்புகளைப் பராமரிப்போர் ஆறு மாதத்துக்குள் அதைத் தேடிக்கொள்ள வேண்டும், இல்லையேல் அவற்றை முடித்துக்கொள்ள வேண்டும் என்பதே செய்தி. ஆல்ஃபா, ஹெச்பிபிஏ, எஸ்ஹெச்4, மோட்டோரோலா ஆகிய நான்கு கட்டமைப்புகளும் டெபியனின் அதிகாரபூர்வமான வெளியீட்டுக்கு வெளியே தொண்டர்களால் நடத்தப்படுபவை. அவற்றைத்தான் இது தாக்குகிறது.

மாற்றம் வேண்டாம் என்று நான் வாதிக்கவில்லை. கோடிக்கணக்கானவர்களின் பத்திரத்தை ஒரு சிலரின் யந்திரத்துக்காகத் தள்ளிப்போடுவது தகாது. ஆனால் ஓய்வுநேரத்தில் உழைக்கும் மனிதர்களிடம் ஒரு கம்பைலரைக் கேட்டுவிட்டு அதற்கு ஆறு மாதம் கெடு விதிப்பது, அந்த வேலையின் கனத்தை அறிந்தவர்கள் செய்யத்தக்கதல்ல. இரண்டு ஆண்டுகளாவது கொடுத்திருக்கலாம், அதுவரை ரஸ்ட் இல்லாத பழைய ஆப்ட்டை அவர்களுக்கென ஒதுக்கி வைத்திருக்கலாம். மோட்டோரோலா கட்டமைப்புக்கு எல்எல்விஎம்மில் ஆதரவு 2021-லேயே, சோதனை நிலையில், இடம்பெற்றது. எந்தக் கம்பெனியும் கேளாமல் தொண்டர்கள் பல காலம் எழுதிச் சேர்த்த வேலை அது. மற்ற மூன்றுக்கும் அவ்வாறு உட்கார்ந்து எழுத ஆட்கள் முன்வந்தால், அவர்களுக்கு இடமும் அவகாசமும் கொடுக்க வேண்டியது டெபியனின் பொறுப்பு.