நாசித் துளியும் வாய்த் துளியும்

மைசூரைக் காணாத தமிழர் நம்மில் சிலரே இருப்பர். அந்நகரத்து அரச குடும்பத்து மாதர் மூவரை, 1805-ஆம் ஆண்டளவில் தாமஸ் ஹிக்கி என்னும் ஓவியர் தீட்டினார். அவர்களுள் ஒருவர் சேலையை ஒதுக்கி, அம்மைப்பால் குத்திய கையைக் காட்டுகிறார் என்பது வரலாற்று ஆய்வாளர் ஒருவரின் கருத்து. மற்றொருவரின் மூக்கையும் வாயையும் சுற்றி நிறம் மாறியிருப்பது, பெரியம்மைப் பொருக்கின் பொடியை மூக்கில் ஊதும் பழைய முறையின் அடையாளம் என்றும் அவர் கருதுகிறார். ஊசியா, மூக்கா என்னும் வினா அவ்வளவு பழமையானது!

நோய்க்கிருமிகளுட் பல நம் மூக்கின் வழியாகவோ வாயின் வழியாகவோ புகுகின்றன. ஊசி மருந்து குருதியில் எதிர்ப்பொருளைப் பெருக்குகிறது. ஆயினும், நாசியிலும் குடலிலும் உள்ள மென்சவ்வில் அக்காவல் பெரும்பாலும் போதுவதில்லை. அவ்வழிகளிலேயே மருந்தைச் செலுத்தினால் சவ்விலேயே எதிர்ப்பொருள் சுரக்கும். கள்வனை வீட்டுக்குள் விட்டுப் பிடிப்பதினும் வாயிலிலேயே தடுப்பது நன்றன்றோ?

ஆனால் இதில் ஓர் இடர் உண்டு. நாள்தோறும் சோறும் பருப்பும் வாய்வழிச் செல்கின்றன. தூசியும் மகரந்தமும் மூக்குவழிச் செல்கின்றன. இவை அனைத்தோடும் உடல் போரிடத் தொடங்கினால் நாம் வாழ்வது எங்ஙனம்? ஆகவே இச்சவ்வுகள் இயல்பாகவே பொறுமை மிக்கவை. கிருமியின் உயிரற்ற துணுக்கை மட்டும் கொடுத்தால், அதனையும் ஒரு பருக்கையென விட்டுவிடுகின்றன. காவலனைத் தட்டியெழுப்ப ஒரு துணைப்பொருள் வேண்டும்.

துணைப்பொருளின் கதை குதிரை லாயத்தில் தொடங்கியது. 1925-இல் பிரெஞ்சு அறிஞர் ராமோன், தொண்டை அடைப்பான் மருந்தோடு மரவள்ளி மாவைக் கலந்து குதிரைகளுக்குச் செலுத்த, எதிர்ப்பாற்றல் மிகுந்தது. 1926-இல் இங்கிலாந்தின் கிளென்னி படிகாரத்தைப் பயன்படுத்தினார். அதன் வழிவந்த அலுமினிய உப்புகள் இன்றும் பல ஊசி மருந்துகளில் உள்ளன. எனினும் தசையில் உதவும் அவ்வுப்பு, சவ்வில் அத்துணை உதவுவதில்லை.

சவ்வை எழுப்புவதில் வல்லவை காலரா நஞ்சும், அதன் உறவான ஈ-கோலைக் கிருமியின் நஞ்சுமாகும். இரண்டாவதைச் சேர்த்த நாசிக் காய்ச்சல் மருந்தொன்று 2000-இல் சுவிட்சர்லாந்தில் வந்தது. அதனைப் பெற்றவர் சிலருக்கு முகவாதம் கண்டமையால் அது விலக்கப்பட்டது. மூக்கருகே நரம்புகள் மிகுதி; வலிமையினும் தீங்கின்மையே அங்கு முதன்மை. இன்று அந்நஞ்சின் வேகத்தை அடக்கி வாய்வழி மருந்துகளில் சோதிக்கின்றனர். இறால், நண்டு ஓடுகளிலிருந்து கிடைக்கும் கைட்டோசானும் ஆராயப்படுகிறது.

நம் வேலூரிலும் இம்முயற்சி நடந்தது. இளம்பிள்ளைவாதச் சொட்டு மருந்து செல்வ நாடுகளிற் போல் நம் குழந்தைகளிடம் பலிக்கவில்லை என்பதை அங்குள்ள மருத்துவர்கள் 1970-களிலேயே கண்டனர். பிற்காலத்தில் துத்தநாகம், நன்மை தரும் நுண்ணுயிர், கிருமிக்கொல்லி ஆகியவற்றைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். இளம்பிள்ளைவாத மருந்தின் பயனை இவை உயர்த்தவில்லை. அறிவியலில் இத்தகைய விடையும் விடையே. அடுத்தவர் அவ்வழியில் காலம் போக்க வேண்டியதில்லை.

பின் நாம் வென்றது எவ்வாறு? மீண்டும் மீண்டும் சொட்டு மருந்து கொடுத்தே வென்றோம். 2011 ஜனவரிக்குப் பின் நம் நாட்டில் இயற்கைக் கிருமியால் இளம்பிள்ளைவாதம் எவருக்கும் காணவில்லை. 2014 மார்ச்சில் உலக நிறுவனத்தின் சான்றும் கிட்டிற்று.

ஆகவே, தக்க துணைப்பொருள் கைவரும் வரையில் தவறாத தவணையே நமக்குத் துணைப்பொருள். பிழைப்புக்காக ஊர் மாறும் குடும்பங்களில் நழுவிப்போவதும் அத்தவணையே. 6, 10, 14-ஆம் வாரத் துளிகளை எம்மாநிலத்து அரசு நிலையத்திலும் கட்டணமின்றிப் பெறலாம். மூட்டை கட்டும்போது குழந்தையின் தடுப்பூசி அட்டையை முதலில் எடுத்து வைப்போமாக.