டிஷ் ஆண்டெனாவால் வீடு போச்சு!

3 குழந்தைகளுடன் ஊர் மாறிய ஈராக் தம்பதி
கோர்ட்டில் கடைசியில் ஜெயித்தது யார்?

ஒரு குடும்பம் குடியிருந்த வீட்டைக் காலி பண்ண வேண்டி வந்தது. வாடகை பாக்கி என்று வழக்கா? இல்லை. அக்கம் பக்கத்தில் அடிதடியா? அதுவும் இல்லை.

காரணம், ஒரு டிஷ் ஆண்டெனா!

ஆம்! டெலிவிஷன் பார்ப்பதற்காக வீட்டு ஜன்னலுக்கு வெளியே இருந்த ஒரு தட்டு, கணவன், மனைவி, 3 குழந்தைகள் அடங்கிய குடும்பத்தை வேறு ஊருக்கே அனுப்பி விட்டது.

இது நடந்தது சுவீடன் நாட்டுத் தலைநகரான ஸ்டாக்ஹோமில். வழக்கு ஐரோப்பிய மனித உரிமை கோர்ட்டு வரை போய் 2008-ம் ஆண்டில் தீர்ப்பானது. வாடகை வீட்டில் இருப்பவர்களும், வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்களும் தெரிந்து வைத்துக் கொள்ள வேண்டிய வழக்கு. அதன் விவரம் வருமாறு:-

சொந்த பாஷை

ஸ்டாக்ஹோம் நகரின் ஓரத்தில் ரிங்கெபி என்று ஒரு பகுதி இருக்கிறது. பல நாடுகளில் இருந்து பிழைக்க வந்தவர்களும், உயிர் தப்பி வந்தவர்களும் நிறையப் பேர் வசிக்கும் இடம். அடுக்கு மாடி வீடுகள் அதிகம்.

1999-ம் ஆண்டு நவம்பர் மாதம், ஈராக் நாட்டைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு தம்பதி அங்கே வாடகைக்குக் குடி வந்தார்கள். ஜன்னலுக்குப் பக்கத்தில் வெளிச்சுவரில் டிஷ் ஆண்டெனா பொருத்தப்பட்டு இருந்தது. அதன் மூலமாக அரபி, பார்சி மொழி நிகழ்ச்சிகளைப் பார்த்து வந்தார்கள்.

வெறும் சினிமா, பாட்டுக்காக என்று நினைத்து விடக்கூடாது. 2003-ம் ஆண்டில் ஈராக்கில் போர் மூண்டது. பிறந்த மண்ணில் குண்டு விழும்போது, அந்தச் செய்தியைத் தன் பாஷையில் கேட்கத் துடிக்காதவர் யார்? பெற்ற பிள்ளைகளுக்குத் தாய்மொழி மறந்து போகக் கூடாது என்று நினைக்காதவர் யார்?

சும்மா விடுவாரா வீட்டுக்காரர்?

ஆனால் வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. வீட்டுக்காரரின் அனுமதி இல்லாமல் போர்டு, வெளி ஆண்டெனா போன்ற எதையும் கட்டடத்தில் வைக்கக் கூடாது என்பதே அந்த வரி.

"டிஷ்ஷை எடு" என்றது வீட்டுக்காரர் தரப்பு. குடும்பம் மறுத்தது. விவகாரம் வாடகைத் தகராறுகளை விசாரிக்கும் மன்றத்துக்குப் போனது.

இந்த நேரத்தில் அந்தக் குடும்பம் ஒரு யுக்தி செய்தது. சுவரில் இருந்த டிஷ் கழற்றப்பட்டது. அதற்குப் பதிலாக, சமையல் அறையில் இருந்து சின்ன ஜன்னல் வழியாக வெளியே நீளும் ஒரு இரும்புக் கை தயாரானது. அதன் நுனியில் டிஷ்! வேண்டும்போது வெளியே நீட்டலாம். வேண்டாதபோது உள்ளே இழுத்துக் கொள்ளலாம். சுவரில் ஒரு ஆணி கூட கிடையாது.

மன்றம் அதைப் பரிசீலித்து, குடும்பத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. புதிய டிஷ்ஷால் ஆபத்து இல்லை என்றும் கருதியது.

வீட்டுக்காரர் தரப்பு விடவில்லை. அப்பீல் செய்தது. கட்டடத்தின் அழகு கெடுகிறது, கீழே விழுந்தால் ஆபத்து, பொறுப்பு எங்கள் தலையில் என்பது அவர்கள் வாதம்.

2005-ம் ஆண்டு டிசம்பர் மாதம் அப்பீல் கோர்ட்டு தீர்ப்பு அளித்தது. இந்த முறை குடும்பம் தோற்றது. ஒப்பந்தத்தை மீறியது மீறியதுதான் என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. வாடகை ஒப்பந்தம் ரத்து!

2006-ம் ஆண்டு ஜூன் மாதம் அவர்கள் மூட்டை முடிச்சுகளைக் கட்டினார்கள். ஸ்டாக்ஹோமுக்கு மேற்கே சுமார் 100 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கும் வேஸ்டரோஸ் நகருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வீடு போச்சு. பழகிய தெரு போச்சு. ஒரு தட்டுக்காக இவ்வளவு தண்டனை!

பெரிய கோர்ட்டின் தீர்ப்பு

ஆனாலும் அந்தத் தம்பதி ஓய்ந்து விடவில்லை. பிரான்சு நாட்டில் ஸ்டிராஸ்பர்க் நகரில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை கோர்ட்டின் கதவைத் தட்டினார்கள்.

2008-ம் ஆண்டு டிசம்பர் 16-ந் தேதி தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் ஒருமனதாகக் குடும்பத்தின் பக்கம் நின்றார்கள். ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்தின் 10-வது பிரிவு, கருத்துச் சுதந்திரத்தைப் பற்றியது. பேசுவது மட்டும் சுதந்திரம் அல்ல, செய்தியைப் பெறுவதும் சுதந்திரமே. அந்த உரிமை மீறப்பட்டு இருக்கிறது என்று கோர்ட்டு கூறியது.

கோர்ட்டு எடுத்துக் காட்டிய காரணங்கள் முக்கியமானவை. அந்த நிகழ்ச்சிகளைப் பார்க்க அப்போது அவர்களுக்கு வேறு வழி இல்லை. டிஷ்ஷை வேறு இடத்தில் வைக்கவும் வசதி இல்லை. வெளிநாட்டுப் பத்திரிகையும், ரேடியோவும் டெலிவிஷனுக்கு முழு மாற்று ஆகி விடாது. டிஷ்ஷால் நிஜமான ஆபத்து இருந்ததாகவும் தெரியவில்லை. இந்த நிலைமையில் 3 குழந்தைகள் உள்ள குடும்பத்தை வெளியேற்றியது, செய்த குற்றத்துக்கு மிஞ்சிய தண்டனை.

சுவீடன் அரசு அவர்களுக்கு நஷ்டஈடும், வழக்குச் செலவும் தர வேண்டும் என்று உத்தரவானது. வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் நடந்த சண்டையில் அரசாங்கம் ஏன் பணம் கட்ட வேண்டும்? குடும்பத்தின் உரிமையைச் சரியாக எடை போட்டுப் பார்க்காமல் தீர்ப்புச் சொன்னது நாட்டின் கோர்ட்டு. அதற்கு நாடுதான் பொறுப்பு என்பது இதன் சாரம்.

ஜெர்மனியில் இதற்கு முன்பே இந்த ஞானம் பிறந்து விட்டது. 1994-ம் ஆண்டிலேயே அந்த நாட்டு அரசியல் சட்ட கோர்ட்டு, துருக்கியைச் சேர்ந்த ஒரு குடித்தனக்காரர் வழக்கில், தாய்நாட்டுச் செய்தியை அறியும் ஆசையையும், வீட்டுக்காரரின் சொத்து உரிமையையும் தராசில் இரண்டு பக்கமும் வைத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லி இருக்கிறது.

எவ்வளவு பெரிசு வைக்கலாம்?

அப்படியானால் யார் வேண்டுமானாலும், எவ்வளவு பெரிய தட்டை வேண்டுமானாலும் மாட்டிக் கொள்ளலாமா? அதுதான் இல்லை!

அமெரிக்காவில் இதற்கு அளவே வகுத்து விட்டார்கள். அங்குள்ள மத்திய தகவல் தொடர்பு கமிஷன் 1996-ல் ஒரு விதி கொண்டு வந்தது. 1999 ஜனவரி முதல் வாடகைக்கு இருப்பவர்களுக்கும் அந்த விதி பொருந்துகிறது.

விதி இதுதான்: குடித்தனக்காரர் தான் மட்டும் புழங்கும் பால்கனியில் டிஷ் வைத்துக் கொள்ளலாம். வீட்டுக்காரர் பொதுவாகத் தடுக்க முடியாது. ஆனால் தட்டின் குறுக்களவு 1 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. போனால் விதியின் பாதுகாப்பு இல்லை. அலாஸ்கா மாநிலத்துக்கு மட்டும் விதிவிலக்கு. அங்கே எந்த அளவும் வைக்கலாம்.

இன்னும் இருக்கிறது. பால்கனியின் கைப்பிடியைத் தாண்டி டிஷ் வெளியே நீட்டிக் கொண்டு இருந்தால் வீட்டுக்காரர் தடுக்கலாம். பொது மாடி, வெளிச்சுவர் இவற்றில் குடித்தனக்காரருக்கு உரிமை கிடையாது. வெளிச்சுவரில் ஓட்டை போடக் கூடாது என்று சொல்லவும் வீட்டுக்காரருக்கு அதிகாரம் உண்டு.

இதனால் அங்கே சிலர் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்து இருக்கிறார்கள். பிளாஸ்டிக் வாளியில் சிமெண்டுக் கலவையை ஊற்றி, நடுவில் இரும்புக் குழாயை நட்டு, காய்ந்த பிறகு அதன் தலையில் டிஷ்ஷை மாட்டி விடுகிறார்கள். சுவரும் தப்பியது, வீட்டுக்காரரும் தப்பினார்!

படமும் பெருகும், காற்றும் பெருகும்

சின்னத் தட்டு இருக்கப் பெரிய தட்டுக்கு ஏன் ஆசைப்படுகிறார்கள்? காரணம் இருக்கிறது.

டெலிவிஷன் சாட்டிலைட்டுகள் பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36 ஆயிரம் கிலோ மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. அங்கிருந்து வரும் சிக்னல் மிகவும் பலவீனமானது. எந்த நாட்டுக்காக அனுப்புகிறார்களோ, அந்தப் பக்கம்தான் சிக்னல் பலமாக விழும். தொலைவில் இருக்கும் ஊர்களில் அது இன்னும் இளைத்துப் போகும். இளைத்த சிக்னலைப் பிடிக்கப் பெரிய தட்டு வேண்டும். பலத்த மழையில் படம் கட்டாகாமல் இருக்கவும் பெரிய தட்டு உதவும்.

60 சென்டி மீட்டர் தட்டை எடுத்துவிட்டு 90 சென்டி மீட்டர் தட்டு வைத்தால், பிடிபடும் சிக்னல் ஒன்றரை மடங்கு அல்ல, இரண்டே கால் மடங்கு ஆகிறது. 120 சென்டி மீட்டர் என்றால் 4 மடங்கு!

ஆனால் சிக்னலைப் பிடிக்கிற தட்டு, காற்றையும் பிடிக்கும். இங்கேதான் வம்பு.

மணிக்கு 100 கிலோ மீட்டர் வேகத்தில் காற்று நேராக மோதினால் 60 சென்டி மீட்டர் தட்டைச் சுமார் 17 கிலோ எடை அளவுக்குத் தள்ளும். 90 சென்டி மீட்டர் என்றால் சுமார் 40 கிலோ. 120 என்றால் சுமார் 70 கிலோ. ஒரு ஆள் பால்கனிக் கம்பியில் தொங்குகிற மாதிரி! சின்னத் தட்டுக்குப் போட்ட நாலு போல்ட்டு இதைத் தாங்குமா?

2016-ம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது 100 கிலோ மீட்டருக்கு மேல் காற்று வீசியதை யாரும் மறந்திருக்க முடியாது.

இன்னொரு சங்கடமும் உண்டு. தட்டு பெரிதாக ஆக, அது பார்க்கும் வானத்தின் அளவு சுருங்கும். 120 சென்டி மீட்டர் தட்டு 1 டிகிரி விலகினாலே படம் தடுமாறும். குழாய் ஆடினால் பெரிய தட்டு வாங்கியும் பிரயோஜனம் இல்லை.

சென்னை பால்கனியில் சரிப்படுமா?

நம் ஊரில் பால்கனியில் டிஷ் வைப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை.

ஸ்டாக்ஹோம் பூமத்திய ரேகையில் இருந்து வெகு தூரம். அங்கே சாட்டிலைட்டு தெற்கே தாழ்வாக, தரையில் இருந்து சுமார் 22 டிகிரி சாய்வில் நிற்கும். எனவே தெற்குப் பார்த்த பால்கனிக்குள் டிஷ்ஷை வைத்தாலும், மேல் வீட்டுத் தளத்துக்கு அடியில் சிக்னல் நுழைந்து விடும். எதிர்க் கட்டடமோ, மரமோ மறைக்காமல் இருந்தால் போதும்.

சென்னை கதை வேறு. இங்கே இந்திய சாட்டிலைட்டுகள் 70 டிகிரி அளவுக்கு, ஏறக்குறைய தலைக்கு மேலே நிற்கின்றன. பால்கனிக்குள் வைத்த டிஷ், மேல் வீட்டுத் தளத்தைத்தான் அண்ணாந்து பார்க்கும். படம் எப்படி வரும்?

அதனால் டிஷ்ஷைக் கைப்பிடிச் சுவருக்கு வெளியே நீட்டி மாட்டத் தோன்றும். பெரிய தட்டு என்றால் இன்னும் வெளியே நீட்ட வேண்டும். கீழே ஜனங்கள் நடமாடும் தெரு. போல்ட்டு துருப்பிடித்து, ஒரு நாள் காற்றில் கழன்றால் யார் தலையில் விழும்?

மொட்டை மாடிதான் இதற்குச் சரியான இடம். ஆனால் மொட்டை மாடி குடித்தனக்காரருடையது அல்ல. வீட்டுக்காரரைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஒரு வரி போதும்

தமிழ்நாட்டில் 2017-ம் ஆண்டு இயற்றப்பட்ட வாடகைச் சட்டப்படி, வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். எப்படியும் எழுதத்தான் போகிறோம். டிஷ் எங்கே வைப்பது, எந்த அளவு, ஒயர் எந்த வழியாக வரும், காலி பண்ணும்போது ஓட்டையை யார் அடைப்பது என்று இரண்டு வரி சேர்த்து எழுதிக் கொண்டால் பின்னால் சண்டை இல்லை. அட்வான்ஸ் பணத்தில் பிடித்தம் செய்தார்கள் என்ற புலம்பலும் இல்லை.

வீட்டுக்காரர்களும் ஒன்று யோசிக்கலாம். வெளி மாநிலத்தில் இருந்து வந்து வாடகைக்கு இருப்பவர் டிஷ் கேட்டால், அது வெறும் பொழுதுபோக்காக மட்டும் இருக்காது. ஊரில் வெள்ளமா, புயலா என்று தன் பாஷையில் கேட்க வேண்டும் என்ற தவிப்பாகவும் இருக்கலாம். மொட்டை மாடியில் மூன்று அடி இடம் கொடுத்தால் குடி முழுகிப் போகாது.

ஸ்டாக்ஹோம் தம்பதி கோர்ட்டில் ஜெயித்தார்கள். சட்டப் புத்தகத்தில் இடம் பெற்று விட்டார்கள். ஆனால் தீர்ப்பு வந்தபோது அவர்கள் ரிங்கெபி வீட்டைக் காலி செய்து இரண்டரை வருஷம் ஆகி இருந்தது.