கழுத்து ஸ்கேன் அறிக்கை: எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டாம்?

ஆரணியின் பட்டு நெசவாளர்கள் நாள்தோறும் பல மணி நேரம் தறியில் குனிந்தபடியே உழைக்கின்றனர். கழுத்து வலியுடன் எங்களிடம் வருவோர் பலர் எம்.ஆர்.ஐ. அறிக்கையை நீட்டி, ஒரே கேள்வியைக் கேட்கின்றனர்: "டிஸ்க் பிதுங்கியிருக்குன்னு எழுதியிருக்கு டாக்டர். இனிமே தறியில உட்கார முடியுமா?"

கழுத்தில் 7 எலும்புகள் உள்ளன. அவற்றினிடையே மெத்தை போல அமைந்தவையே டிஸ்க் எனப்படும் வட்டுகள். பின்புறம் தண்டுவடம் இறங்குகிறது. அதிலிருந்து 8 இணை நரம்புகள் பிரிகின்றன. அறிக்கையில் 'சி5–சி6' என்றிருந்தால், ஐந்தாம், ஆறாம் எலும்புகளுக்கு இடைப்பட்ட வட்டு என்று பொருள்.

'தேய்மானம்', 'நீர் வற்றல்', 'பிதுக்கம்' ஆகியவை பெரும்பாலும் நரையைப் போல வயதின் அடையாளங்களே. ஜப்பானில் எவ்விதத் தொல்லையும் இல்லாத 1,211 பேரை ஸ்கேன் செய்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், 87.6 விழுக்காட்டினருக்கு வட்டுப் பிதுக்கம் காணப்பட்டது. எனவே அறிக்கையை மட்டும் வைத்து நாங்கள் சிகிச்சையை முடிவு செய்வதில்லை. உங்கள் தொல்லையும் படமும் பொருந்துகின்றனவா என்று பார்க்கிறோம். சி5–சி6 வட்டு நரம்பை அழுத்தினால் வலியும் மரப்பும் பெரும்பாலும் கட்டைவிரல் பக்கம் பரவும். சி6–சி7 எனில் நடுவிரலுக்கு. சிலருக்குக் கை மரத்துப்போவதற்கு மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுவதே காரணமாக இருக்கும்.

கைக்குப் பரவும் நரம்பு வலி பெரும்பாலோருக்குச் சில வாரங்கள் முதல் சில மாதங்களுக்குள் அறுவை சிகிச்சையின்றியே தணிகிறது. மருந்தும் இயன்முறைப் பயிற்சியும் இதற்கு உதவும். அரை மணிக்கு ஒருமுறை தறியை விட்டு எழுந்து தோள்களை அசையுங்கள். கழுத்துப் பட்டையை நாங்கள் கூறும் நாட்களுக்கு மட்டும் அணியுங்கள். நெடுநாள் அணிந்தால் தசைகள் வலுவிழக்கும். முடிதிருத்தும் கடையில் கழுத்தைச் சொடுக்கிக்கொள்வதை அறவே தவிருங்கள். அதனால் இரத்தக் குழாய்க்கோ தண்டுவடத்துக்கோ காயம் நேரலாம்.

ஆனால் சில அறிகுறிகளைத் தள்ளிப்போடலாகாது. அறுந்த இழையை முடிச்சிடவோ சட்டைப் பொத்தானை மாட்டவோ விரல்கள் தடுமாறுதல், நடையில் தள்ளாட்டம், கை கால் வலுவிழத்தல், சிறுநீர், மலத்தை அடக்க இயலாமை ஆகியவை தண்டுவடமே நசுங்குவதைக் காட்டக்கூடும். இதனை மைலோபதி என்கிறோம். இதில் வலி இல்லாமலும் இருக்கலாம்; அதனாலேயே பலர் 'வயதாகிவிட்டது' என்று காலம் கடத்துகின்றனர். இந்நிலை முற்றும்போது அழுத்தத்தை நீக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படும். பாதிப்பு மேலும் கூடாமல் தடுப்பதே அதன் முதல் நோக்கம். இழந்த திறன் முழுவதும் திரும்பும் என்று உறுதி கூற இயலாது. எனவே உடனே வாருங்கள். விபத்துக்குப் பின் வந்த கழுத்து வலிக்கும், காய்ச்சலோ எடைக் குறைவோ சேர்ந்த வலிக்கும் இதுவே பொருந்தும்.

வரும்போது அறிக்கையுடன் ஸ்கேன் படங்களையும் கொண்டு வாருங்கள். உங்கள் கைகளால் முன்பு செய்ய முடிந்து இப்போது முடியாத வேலை எது என்பதையும் தவறாமல் கூறுங்கள். எத்தகைய ஸ்கேனும் அதைச் சொல்லாது.