டிரில் மிஷின் அடிக்கடி கருகுவது ஏன்?

சொட்டு நீர்க் குழாயில் துளையிட, கொட்டகைச் சட்டங்களில் போல்ட் மாட்ட என்று டிரில் மிஷின் இன்று பல உழவர் வீடுகளில் உள்ளது. ஆர்மேச்சர் கருகி, கம்பி சுற்றி வாங்கிய கருவி சில மாதங்களிலேயே மீண்டும் புகைவதும் உண்டு. சரக்கு மட்டம் என்பார்கள். மட்டமான சரக்கும் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பல சமயம் கோளாறு கருவியில் இல்லை. அதற்கு மின்சாரம் கொண்டுவரும் ஒயரில் இருக்கிறது.

600 வாட் கருவி 230 வோல்ட்டில் ஏறத்தாழ 2.6 ஆம்பியர் இழுக்கும். 100 மீட்டர் தூரத்துக்கு 0.5 சதுர மி.மீ. செம்பு ஒயரை இழுத்தால், சுமார் 18 வோல்ட் ஒயரிலேயே குறைந்துவிடும். 2.5 சதுர மி.மீ. ஒயரில் இக்குறைவு 4 வோல்ட்டுக்கும் உட்பட்டதே. வோல்டேஜ் குறைந்தால் சுழற்சி மந்தமாகும். துளை இறங்கவில்லையே என்று கருவியை மேலும் அழுத்துவார்கள். அழுத்த அழுத்த மின்னோட்டம் கூடும். மோட்டாரைக் குளிர்விக்கும் விசிறியும் அதே அச்சில் இருப்பதால், அச்சு மெதுவானால் காற்றும் குறையும். ஆர்மேச்சர் கருகுவது இப்படித்தான். மழுங்கிய பிட்டும் இதே தீங்கைச் செய்யும்.

பம்புசெட் கொட்டகையில் இன்னொரு ஆபத்து உண்டு. மும்முனை மின்சாரத்தின் இரு முனைகளில் இணைத்தால் 400 வோல்ட் பாய்ந்து கருவி உடனே கருகும். ஒரு முனையோடு எர்த் கம்பியைச் சேர்த்து ஓட்டும் வழக்கமோ உயிருக்கே உலை வைக்கும். மண்ணில் எர்த் இணைப்பு விட்டுப்போனால் பம்பு மோட்டாரின் கூட்டிலேயே மின்சாரம் ஏறும். அதை ஈரக் காலுடன் தொடுபவர் வேறு யாராகவும் இருக்கலாம். நியூட்ரல் உள்ள இணைப்பிலிருந்து, 30 மில்லி ஆம்பியர் கசிவில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வழியாகவே மின்சாரம் எடுக்க வேண்டும்.

காற்றுத் துளைகளில் பொறி அதிகம் தெரிந்தால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். இரண்டையும் சோடியாக மாற்றவும். தள்ளிப்போட்டால் ஆர்மேச்சரின் செம்புப் பட்டைகள் பொரிந்து, சிறு செலவு பெருஞ்செலவாகும். சாணக் கரைசலும் சிமெண்டுக் கலவையும் கலக்க இக்கருவி ஏற்றதன்று, பல்சக்கரம் தேயும்.

கடும் வேலைக்குப்பின் ஓரிரு நிமிடம் சுமையின்றி ஓடவிட்டால் சூடு தணியும். மறுபடி கம்பி சுற்றக் கொடுக்குமுன், ஒயரின் கடைசி முனையில் வோல்டேஜை எலக்ட்ரீஷியனைக் கொண்டு அளந்து பார்க்கவும். கருவி துளையிட்டுக் கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். சும்மா இருக்கும்போது அளந்தால் 230 காட்டி ஏமாற்றிவிடும்.