கைக்கு வராத பணம்

கணபதியின் வார்ப்படச் சாலைகளிலும் கடைசல் பட்டறைகளிலும் சம்பள நாளன்று ஒரு கேள்வி எழுவதுண்டு: "இந்தப் பி.எஃப். பிடித்தத்தை நம்ம கையிலயே குடுத்துட்டா என்னங்க?" கேள்வி நியாயமானதே. மாதக் கடைசியில் திணறுகிறவருக்கு 58 வயது வெகு தொலைவில் இருக்கிறது. ஆனாலும் கணக்கைச் சற்றுப் போட்டுப் பார்ப்போம்.

வருங்கால வைப்பு நிதிச் சட்டம் 1952இல் இயற்றப்பட்டது. அது முதலில் தழுவிய ஆறு தொழில்களுள் ஜவுளியும் பொறியியலும் இருந்தமையால், கோவைக்கு அது பழைய அறிமுகம். அன்று 6.25 விழுக்காடாக இருந்த பிடித்தம் பின்னர் 12 ஆயிற்று. முதலாளியும் 12 விழுக்காடு செலுத்துகிறார், அதில் 8.33 ஓய்வூதியத்திற்குப் போக, 3.67 தொழிலாளியின் கணக்கில் சேரும்.

ரூ. 15,000 ஊதியத்திற்கு மாதம் ரூ. 2,350 சேர்கிறது. ஊதியமே உயராமல், வட்டி 8 விழுக்காடு என்று கொண்டாலும், 30 ஆண்டுகளில் அது சுமார் ரூ. 33 இலட்சமாகும். முதல் ஐந்தாண்டுகளில் சேர்ந்த ரூ. 1.7 இலட்சத்தை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? முடிவில் ஏறக்குறைய ரூ. 11.7 இலட்சம் குறையும். வட்டிக்கு வட்டி ஏறக் காலம் வேண்டும் அல்லவா?

இதை அறிந்தவரெல்லாம் தாமாகச் சேமிப்பார்களா? அமெரிக்க நிறுவனம் ஒன்றின் ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டத்தை மாட்ரியன், ஷே என்னும் இருவர் ஆராய்ந்து, 2001இல் முடிவை வெளியிட்டனர். விண்ணப்பித்தால்தான் சேரலாம் என்றிருந்தபோது புதிய ஊழியரில் 49 விழுக்காட்டினரே சேர்ந்திருந்தனர். அனைவரையும் சேர்த்துவிட்டு, வேண்டாதவர் விலகலாம் என்று மாற்றியதும் அது 86 ஆயிற்று. கைக்கு வந்த பணத்தை எடுத்து வைப்பது கடினம். கைக்கு வராத பணத்திற்கு ஏற்ப வாழப் பழகிவிடுகிறோம்.

ஆயினும் பூட்டு இறுகினால் நம்பிக்கை குலைகிறது. முதலாளியின் பங்கை 58 வயதுவரை எடுக்க முடியாது என்று 2016 பிப்ரவரியில் விதி வந்தது. ஏப்ரலில் பெங்களூர் ஆடைத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், வீதிக்கு வந்தனர், விதி விலக்கிக்கொள்ளப்பட்டது. அவர்கள் சேமிப்பை வெறுக்கவில்லை. வேலை போனால், பிள்ளைகளின் படிப்புக்கும் மருத்துவத்திற்கும் அவர்களுக்கு இருந்த ஒரே கையிருப்பு அதுவே.

இருபது பேருக்குக் குறைந்த சிறு பட்டறைகளில் இப்பிடித்தம் கட்டாயமில்லை. அங்கே உழைப்பவர், 18 முதல் 40 வயதுக்குட்பட்டு, வருமான வரி செலுத்தாதவராயின், 2015இல் தொடங்கிய அடல் ஓய்வூதியத் திட்டத்தில் சேரலாம். தவணையை வங்கியே கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். எடுத்து வைக்க ஆளில்லாத இடத்தில் அவ்வேலையை வங்கியிடம் விடுவது நலம்.